தற்காப்புக் கைத்துப்பாக்கியின் தோட்டா: கம்பம் பள்ளத்தாக்கும் .32-உம்

சட்டைப் பையிலோ இடுப்பிலோ அடங்கும் சிறு கைத்துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா போதும், எது போதாது என்ற விவாதம் நூறாண்டுக்கு மேற்பட்டது. அமெரிக்காவில் அது வாங்குபவர் கடையில் நின்று எடுக்கும் முடிவு. இந்தியாவில் பெரும்பாலும் சட்டம் முன்கூட்டியே எடுத்துவிட்ட முடிவு. தேனி மாவட்டத்தில் ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று காரணம் காட்டி ஆட்சியர் அலுவலகத்தில் ரிவால்வர் லைசென்ஸ் வாங்கினால், இந்தியத் தயாரிப்பில் அவர் கைக்கு வருவது அநேகமாக .32 போர் (குழல் அளவு) உள்ளதுதான். அதைவிட வலுவான தோட்டா அவருக்குக் கிடைக்காமல் போனதற்கான காரணங்கள் தோட்டாவின் பலத்தை அளந்து வந்தவை அல்ல. அந்தத் தோட்டா யாருடையது என்ற கேள்வியிலிருந்து வந்தவை.

அரசின் தோட்டாவும் குடிமக்களின் தோட்டாவும்

தென்தமிழகத்தில் ஆயுதக் கட்டுப்பாடு 1878-ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டத்தோடு தொடங்கவில்லை. மருது சகோதரர்களின் போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களின் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. வளரியும் ஈட்டியும் வழக்கிலிருந்து மறைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். லிட்டன் பிரபு காலத்து 1878 சட்டம் துப்பாக்கிக்கு லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு, உள்ளூர்க்காரருக்கு இல்லை.

அடுத்த கட்டத்தில் துப்பாக்கியை விட்டுத் தோட்டாவின் மீது கவனம் திரும்பியது. 1907-ஐ ஒட்டி .450 அளவுத் துப்பாக்கிகள் இந்தியாவுக்குள் வருவதை ஆங்கில அரசு நிறுத்தியது. கலகக்காரர் கையில் இருந்த பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டுகள் பயன்பட்டுவிடும் என்ற பயம்தான் காரணம். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் இதற்குக் கண்ட வழி வேடிக்கையானது: .465, .470, .475 என்று, தடைக்கு ஒரு மயிரிழை தள்ளிப் புதிய அளவுகளில் யானைத் துப்பாக்கிகளைச் செய்தார்கள். பலத்தில் ஒன்றும் குறையவில்லை. தடுக்கப்பட்டது ஓர் எண் மட்டுமே.

முதல் உலகப் போருக்குப் பின் ஈஷாப்பூர் தொழிற்சாலையில் .303 ராணுவத் துப்பாக்கிகளின் குழலைக் குடைந்து, ஒவ்வொரு தடவையும் ஒரே தோட்டா போடும் .410 மஸ்கட்டாக மாற்றிக் காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் கொடுத்தார்கள். கடையில் விற்கும் .410 வேட்டைத் தோட்டா அதில் சரியாக உட்காராதபடி தோட்டா அறையும் தனியாக அமைந்தது. தன் காவலரிடமே பலம் குறைந்த ஆயுதத்தைக் கொடுத்த அரசு அது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959 ஆயுதச் சட்டமும் 1962 விதிகளும் இந்த எண்ணத்தை அப்படியே சுவீகரித்துக்கொண்டன. .303, 7.62 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாக்களைப் போடக்கூடிய துப்பாக்கிகள், .410 மஸ்கட், விளிம்புள்ள .380, .455 தோட்டாக்களையோ ராணுவ 9 மில்லிமீட்டரையோ ஏற்கும் பிஸ்டல், ரிவால்வர் எல்லாம் சாதாரணக் குடிமகனுக்கு விலக்கப்பட்ட பட்டியலில் சேர்ந்தன. படையிலிருந்தோ காவல் நிலையத்திலிருந்தோ களவு போன தோட்டா வெளியே இருக்கும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தக்கூடாது என்பதே இதன் உள்ளர்த்தம். நிர்வாகக் கோணத்தில் நியாயமான யோசனைதான். ஆனால் தற்காப்புக்கு எது ஏற்றது என்று அந்தப் பட்டியலை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

.32-இன் வம்சம்

பட்டியலுக்கு வெளியே தங்கிய சிறு தோட்டாக்களில் இரண்டு இந்தியாவில் வேர்விட்டன. ஒன்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1896-இல் கொண்டுவந்த .32 நீளத் தோட்டா, ரிவால்வருக்கானது. 1878-இல் வந்த குட்டையான .32-ஐ நீட்டிப் பலம் கூட்டியது. மற்றது ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1899-இல் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் வெளியிட்ட 7.65 மில்லிமீட்டர், பிஸ்டலுக்கானது. இரண்டையும் நம் ஊரில் .32 என்றே சொல்கிறார்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாது.

கான்பூரில் தயாராகும் அரசு ரிவால்வர், ஆங்கிலேயர் காலத்து .38 வெப்லி மாடலைத் தழுவியது. நடுவில் மடித்துத் திறந்து ஆறு தோட்டா போடுவது. அதே உடலை .32-க்கு மாற்றிக் குடிமக்களுக்கு விற்றார்கள். பிஸ்டல் பக்கம் ‘அஷானி’ வந்தது. 1980-களின் நடுவில் தனிநபருக்கான துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனதும், அதற்கு முன் வந்திருந்த வால்தர், வெப்லி அண்ட் ஸ்காட் போன்றவை கைமாறும்போதெல்லாம் விலை ஏறின. புதிதாக வாங்குபவருக்கு அரசுத் தொழிற்சாலையை விட்டால் வழியில்லை என்ற நிலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இதே .32 குழல் அளவு அமெரிக்காவில் வளர்ந்துகொண்டே போனது. 1984-இல் .32 மேக்னம், 2007-08-இல் .327 ஃபெடரல் மேக்னம். கடைசியாகச் சொன்னது, பழைய நீளத் தோட்டாவைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆற்றல் உடையது. .38 போட்டால் ஐந்து தோட்டாவே கொள்ளும் சிறு ரிவால்வரில் இது ஆறு கொள்ளும். சிறிய துப்பாக்கிக்கு வலுவான தோட்டா தேடுகிற அமெரிக்கர் இந்தப் படியில் ஏறலாம். இந்தியாவில் ஏணியின் இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டோம். மடித்துத் திறக்கும் பழைய உடல் அந்த அழுத்தத்தைத் தாங்காது என்பதும் உண்மை.

எவ்வளவு பலம்

தோராயக் கணக்கில், .32 ரிவால்வர் தோட்டாவின் ஆற்றல் 150 முதல் 175 ஜூல். பிஸ்டல் .32-உம் அதை ஒட்டியே வரும். தடைசெய்யப்பட்ட .380 விளிம்புத் தோட்டா 230, பழைய .455 சுமார் 300, ராணுவ 9 மில்லிமீட்டர் 450-க்கு மேல். விவசாயி வீட்டுப் பரணில் இருக்கும் 12 போர் இரட்டைக்குழலின் ஒரு வெடி இரண்டாயிரத்தைத் தாண்டும். சட்டத்தின் கண்ணில் கிடைப்பதற்கு எளிது 12 போர், கைத்துப்பாக்கிதான் அரிது. ஆகவே இங்கே கட்டுப்பாடு மறைத்து வைக்கும் வசதியின் மேல்தான், பலத்தின் மேல் அல்ல.

பலம் கூடினால் பயன் கூடுமா என்பதில் வல்லுநர்களே இரண்டு முறை திசை மாறியிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் போரில் .38 தோட்டா எதிரியை நிறுத்தவில்லை என்ற புகாரால், 1904-இல் தாம்சன், லகார்ட் என்ற இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் சிகாகோ இறைச்சிக்கூட மாடுகள் மீதும் சடலங்கள் மீதும் சுட்டுப் பார்த்து, .45-க்குக் குறையக்கூடாது என்றார்கள். பிரிட்டன் எதிர்வழியில் போனது: பயிற்சி குறைந்த சிப்பாயால் .455-இன் உதையைச் சமாளிக்க முடியவில்லை என்று 1930-களில் .380-க்கு இறங்கியது. 1986-இல் மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்ட மோதலுக்குப் பின் அந்த அமைப்பு பெரிய தோட்டாக்களுக்கு மாறி, முப்பது ஆண்டு கழித்து 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. வேகமாகவும் சரியாகவும் சுட முடிவதே முக்கியம் என்று அவர்கள் சொன்ன காரணம் சிறு துப்பாக்கிக்கு இன்னும் பொருந்தும். அரைக் கிலோ எடையில் கனத்த தோட்டாவை வெடித்தால் மணிக்கட்டு தூக்கியடிக்கும்; குட்டைக் குழலில் மருந்தின் ஒரு பகுதி வெளியே தீயாகப் போய்விடும்.

தமிழகத்தின் பிரபலமான இரண்டு துப்பாக்கிச் சம்பவங்கள் இந்த விவாதத்தின் இரு முனைகள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ரயில் பெட்டிக்குள் இருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத் தயாரிப்பான சிறிய பிரௌனிங் பிஸ்டலால். நெருக்கத்தில் அது போதுமானதாக இருந்தது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டதும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான். குண்டு கழுத்தில் பாய்ந்தும் எம்.ஜி.ஆர். பிழைத்தார், குரல்தான் மாறிப்போனது. நெடுநாள் வைத்திருந்த தோட்டாக்கள் வீரியம் குறைந்திருந்தன என்ற விளக்கம் அந்த வழக்கோடு சேர்த்து இன்றும் சொல்லப்படுகிறது. பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணை விடத் தோட்டாவின் வயதும் அது பதிந்த இடமும் பெரிது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

பள்ளத்தாக்கில்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் துப்பாக்கி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரிவால்வர் அல்ல. காட்டுப்பன்றிக்கு வைத்திருக்கும் குழல் துப்பாக்கி. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும், நடுவே முல்லையாற்றுப் பாசனத்தில் நெல், வாழை, திராட்சை. கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி போன்ற ஊர்களின் தோட்டங்கள் மலையடிவாரம் வரை ஏறி நிற்கின்றன.

1959 சட்டத்தின் 13-ஆம் பிரிவு இத்தகைய இடத்துக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கிட்டிக்கும் துப்பாக்கி கேட்டால், மறுக்கத் தனிக் காரணம் இல்லாதவரை கொடுத்தாக வேண்டும். அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழவழக் குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். இந்தச் சட்டத்தில் ‘போதவில்லை, இன்னும் வலுவானது வேண்டும்’ என்ற வாதத்துக்கு வெளிப்படையாக இடம் கொடுத்திருப்பது இங்கேதான், அதுவும் பயிருக்காக. மனிதரைக் காக்கக் கைத்துப்பாக்கி கேட்பவர் ‘தக்க காரணம்’ காட்டி ஆட்சியரைத் திருப்திப்படுத்த வேண்டும்.

அதற்கு மேலும் ஒரு பூட்டு இருக்கிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் வசிப்பவர் தம் துப்பாக்கியைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிய வேண்டும். அந்தச் சுற்றளவில் புது லைசென்ஸுக்கு அவருடைய முன்சம்மதம் தேவை. தெற்கே பெரியாறு சரணாலயம், கிழக்கே 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமான காடு. பள்ளத்தாக்கின் தென்கோடி ஊர்கள் இந்த வட்டத்துக்குத் தப்ப முடியாது.

மலை ஏறிக் குமுளியைத் தாண்டினால் கதை வேறு. கேரள அரசு 2022-இல் பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. சுடுபவர் லைசென்ஸ் உள்ள உள்ளூர்க்காரராக இருக்கலாம். தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறையில் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையே சுடும். விவசாயியின் துப்பாக்கிக்கு வேலை இல்லை. அவுட்டுக்காய் (விலங்கு கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி) வைக்கும் குற்றம் தொடர்வதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

அண்மைக் காலம்

2014 ஜனவரியில் கான்பூர் தொழிற்சாலை, 2012 டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமையில் உயிரிழந்த பெண்ணின் நினைவாக ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. டைட்டானியம் கலந்து எடையை அரைக் கிலோ அளவுக்குக் குறைத்திருந்தார்கள். விலை ₹1,22,360. ஒரு விவசாயக் கூலிப் பெண்ணின் பல மாத வருமானத்தை விழுங்கும் துப்பாக்கியைப் பெண்களின் பாதுகாப்பு என்று விளம்பரப்படுத்தியதை அப்போதே பலர் குத்திக்காட்டினார்கள். அடுத்து இன்னும் இலேசான ‘நிடர்’ வந்தது, அது .22, அதாவது பலத்தில் ஒரு படி கீழே.

2020-இல் வெப்லி அண்ட் ஸ்காட் உத்தரப் பிரதேசத்தின் சண்டீலாவில் .32 ரிவால்வர் தயாரிப்பைத் தொடங்கியதும் அரசின் தனியுரிமை தளர்ந்தது. 2023-இல் அரசு நிறுவனமான ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். ‘பிரபல்’ ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. உருளை பக்கவாட்டில் திறக்கும், குழல் 76 மில்லிமீட்டர், 50 மீட்டர் வரை சுடலாம் என்பது நிறுவனத்தின் கூற்று. மடியாத உடல் என்பதால் பழைய மாடலை விட உறுதியும் அதிகம். ஆனால் உள்ளே போடுவது 1896-இன் அதே தோட்டா.

2016 விதிகள் துப்பாக்கிப் பயிற்சிச் சான்றைக் கட்டாயமாக்கின. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, லைசென்ஸ் காலத்தை ஐந்தாண்டாக்கியது. எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரே சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்ததும் மாவட்டம் முழுவதும் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் காவல் நிலையங்களுக்குப் போய்ச் சேரும். வங்கிக் காவலர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு.