"திருத்த முடியாது" எனக் குறித்து வைக்கப்பட்ட கப்பல்கள்

வாகனத் திருத்தகங்களில் நீண்ட காலமாக வழங்கிவரும் வாக்கு ஒன்றுண்டு: "வார்ப்பிரும்பு வெடித்தால் ஒட்டாது, ஒட்டினாலும் பக்கத்தில் வெடிக்கும்." நீர் வற்றிச் சூடேறிய இயந்திரத்தின் சிலிண்டர் ஹெட் வெடித்துப்போக, இந்த வாக்கைக் கேட்டுத் திகைத்து நின்றவர்களுள் நானும் ஒருவன். இதே நம்பிக்கையை ஆதாரமாகக் கொண்டு முதலாம் உலகப் போரின்போது மாபெரும் நாசவேலை ஒன்று நிகழ்த்தப்பட்டது என்பதைப் பின்னரே படித்தறிந்தேன்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டதும், பிரித்தானியக் கடற்படைக்கு அஞ்சிய ஜேர்மன் பயணிகள் கப்பல்கள் அப்போது நடுநிலை வகித்த அமெரிக்காவின் துறைமுகங்களில் தஞ்சம் புகுந்தன. நியூயோர்க் நகருக்கு எதிரே ஹொபோக்கன் துறைகளிலும் பொஸ்டனிலும் அவை இரண்டரை ஆண்டுகள் கட்டுண்டு கிடந்தன. 1917 பெப்ரவரி 3 இல் அமெரிக்கா ஜேர்மனியுடனான இராஜதந்திர உறவை முறித்துக்கொண்டது. கப்பல்கள் பறிபோகும் நாள் அண்மித்துவிட்டதென்பது மாலுமிகளுக்கு ஐயமறத் தெரிந்தது.

அவர்கள் கப்பல்களை மூழ்கடிக்கவில்லை. சம்மட்டிகளும் இடிகட்டைகளும் கொண்டு நீராவி இயந்திரங்களின் வார்ப்பிரும்புச் சிலிண்டர்களை உடைத்துத் துளைத்தனர். அச்சிலிண்டர்களுட் பெரியவை ஆளுயரத்தையும் விஞ்சும் விட்டம் கொண்டவை.

அவர்களது கணிப்புக்கு நியாயம் இருந்தது. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரி கலந்துள்ளது. அழுத்தத்தைத் தாங்கும் அவ்வுலோகம் இழுத்தால் நெகிழாது, முறியும். அதன் ஓரிடத்தை மட்டும் காய்ச்சி ஒட்டினால், ஆறிச் சுருங்கும்போது அண்டைப் பகுதி இழுபட்டு வெடிக்கும். விரைவாக ஆறிய இடமோ கண்ணாடி போல் இறுகி நொறுங்கும் தன்மை பெறும்.

1917 ஏப்ரல் 6 இல் அமெரிக்கா போர்ப் பிரகடனம் செய்து கப்பல்களைக் கைப்பற்றியது. உடைக்கப்பட்ட பாகங்களை ஒவ்வொன்றாகக் குறித்து, "திருத்த முடியாது" என்று எழுதப்பட்ட குறிப்பொன்றும் கப்பலொன்றில் அகப்பட்டது. எங்கெங்கே சேதம் என்பதைத் தேடும் சிரமத்தை அக்குறிப்பே குறைத்தது என்பது சுவையான முரண்.

புதிய சிலிண்டர்களை வார்ப்பதே வழி என்று பலர் கருதினர். அச்சு செய்து, வார்த்து, கடைந்து, கப்பலின் தளங்களைத் திறந்து இறக்குவதற்கு ஓராண்டு கூடப் போதாதிருக்கலாம். பிரான்சின் போர்முனையோ படைகளுக்காகக் காத்திருந்தது. நியூயோர்க் கடற்படைத் தளத்தின் பொறியியல் அதிகாரி ஏர்ல் ஜெசொப், உடைந்தவற்றை மின் வெல்டிங் மூலம் திருத்தலாம் என வாதிட்டார். கடற்படையின் நீராவிப் பொறியியல் பிரிவின் தலைவரான றியர் அட்மிரல் றொபேர்ட் கிறிஃபின் அம்முடிவுக்குப் பொறுப்பேற்றார்.

செய்முறை இதுதான். உடைந்த விளிம்பு சரிவாகச் செதுக்கப்பட்டது. அச்சரிவில் துளையிட்டு, மரையிட்ட உருக்கு முளைகள் வரிசையாகத் திருகப்பட்டன. துளைக்கு அளவாக வார்த்தெடுத்த உருக்குத் துண்டு அங்கே பொருத்தப்பட்டது. பின்னர் முளைகளையும் துண்டையும் பிணைக்குமாறு வெல்டிங் உலோகம் சிறிது சிறிதாக இடப்பட்டது. வார்ப்பிரும்பின் மேற்பரப்பில் ஒட்டு விட்டுப்போனாலும், உள்ளே திருகிய முளைகள் பிடித்துக்கொள்ளும். வெல்டிங் தேவைப்படாத இடங்களில், வெப்பமே இன்றி உலோகத் தகடுகள் திருகாணிகளால் இறுக்கப்பட்டன.

1917 முடிவதற்குள் அக்கப்பல்கள் மீண்டும் கடலோடத் தொடங்கின. கைப்பற்றப்பட்ட ஜேர்மன் கப்பல்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற அமெரிக்கத் துருப்பினர் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அந்தப் பயணங்கள் ஆபத்தின்றி முடியவில்லை. 'பிரெசிடென்ட் லிங்கன்' 1918 மே 31 இல் ஜேர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. 'குரொன்பிறின்செசின் செசீலி' என்ற பெயரை இழந்து 'மவுண்ட் வெர்னன்' ஆன கப்பல் அவ்வாண்டு செப்டெம்பர் 5 இல் தாக்கப்பட்டு, 36 பேர் உயிரிழந்தனர். எனினும் அது தன் இயந்திர வலுவாலேயே பிரான்சின் பிறெஸ்ட் துறைமுகத்துக்குத் திரும்பியது.

திருத்தப்பட்ட கப்பல்களுள் ஒன்று 'ஜோர்ஜ் வாஷிங்டன்'. 1918 டிசெம்பர் 4 இல், பாரிஸ் சமாதான மாநாட்டுக்குச் சென்ற ஜனாதிபதி வூட்ரோ வில்சனை அதுவே ஏற்றிச் சென்றது. அது புறப்பட்ட இடமும் அதே ஹொபோக்கன்தான்.

இன்றும் வெடித்த சிலிண்டர் ஹெட்டைத் திருத்துவோர், முழுவதையும் முன்கூட்டிச் சூடாக்கியோ, நிக்கல் கம்பி கொண்டு சிறிது சிறிதாக ஒட்டியோ, வெப்பமின்றி உலோகத் தையல் இட்டோ அதே இடரைத்தான் வெல்கின்றனர். சம்மட்டி ஏந்திய மாலுமிகள் வார்ப்பிரும்பை நன்கு அறிந்தே இருந்தார்கள். தாம் கற்றதற்கு அப்பால் ஒருவர் முயன்று பார்ப்பார் என்பதையே அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. "முடியாது" என்ற சொல்லை எழுதுமுன் சற்றுத் தயங்க வேண்டும் என்பதை, எழுத்தையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த உடைந்த இரும்பு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.