ஐபி தொலைபேசி: நிலை அறிதல்

அலுவலக மேசையில் உள்ள ஐபி தொலைபேசி பார்வைக்குப் பழைய போன்தான்; உள்ளே இருப்பது ஒரு சிறு கணினி. ஐபி முகவரி பெற்று, சர்வரில் தன்னைப் பதிவு செய்துகொண்டால்தான் அதற்கு அழைப்பு வரும். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது 'சிப்' நெறிமுறை. அதன் இப்போதைய அடிப்படை ஆவணம் 2002இல் வெளியான ஆர்எஃப்சி 3261. பதிவுக்குக் காலவரம்பு உண்டு. 3600 வினாடி என்பது பரவலான அளவு. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் பதிவு காலாவதியாகும்.

எனவே நிலை அறிவதென்றால் முதலில் பார்க்கவேண்டியது பதிவைத்தான். யீலிங்க் போன்களில் சும்மா இருக்கும் திரையில் ஓகே பொத்தானை அழுத்தினால் ஐபி முகவரி, மேக் முகவரி, ஃபர்ம்வேர் பதிப்பு ஆகியவை தெரியும். ஆஸ்டெரிஸ்க் சர்வரின் பழைய பதிப்புகளில் 'சிப் ஷோ பியர்ஸ்' என்று தட்டினால், கண்காணிப்பில் உள்ள ஒவ்வொரு போனும் பதில் தர எடுத்த மில்லிவினாடி வரும். பதிலே தராதது 'அன்ரீச்சபிள்'.

பதிவு சரியாக இருந்தும் ஒருவர் குரல் மட்டும் கேட்காமல் போவதுண்டு. குரல் ஆர்டிபி என்னும் தனி வழியில் போவதே காரணம். ஃபயர்வால் அதைத் தடுத்திருக்கலாம். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

பக்கவாட்டில் எரியும் சிறு விளக்குகள் சக ஊழியர் பேச்சில் இருக்கிறாரா என்று காட்டும். பல போன்களுக்கு மின்சாரமும் நெட்வொர்க் கேபிள் வழியே வருகிறது. திரை இருண்டிருந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள். ஃபேக்டரி ரீசெட் கடைசி வழி. எக்ஸ்டென்ஷன் எண்ணும் கடவுச்சொல்லும் அதில் அழிந்துவிடும்.