ஓய்வே மருந்து என்றிருந்த காலம்



இழுப்பு நோயுள்ள பெரியவர் எழுந்து நடந்தால், "தாத்தா, சும்மா உட்காருங்க" என்று நாம் தடுக்கிறோம். இது நம் லயத்து வீடுகளில் பிறந்த பழக்கமன்று. ஒரு காலத்தில் வைத்தியர்களே அப்படித்தான் சொன்னார்கள். காசநோயாளிகளை மாதக்கணக்கில் சானட்டோரியத்தில் படுக்க வைத்தார்கள்.

அந்த எண்ணம் ஆட்டம் கண்டது சென்னையில். 1956இல் அங்கே காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. 193 நோயாளிகளில் ஒரு சாராரைச் சானட்டோரியத்திலும், மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் ஏழைகள், இடநெருக்கடி, குறைந்த உணவு, குறைந்த ஓய்வு. ஆனாலும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். 1959இல் இது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. குணமாக்கியது மருந்து, படுக்கையன்று.

காசம் வேறு, நாள்பட்ட இரைப்பு வேறுதான். ஆனால் இரைப்பு நோயிலும் இதே கேள்வி எழுந்திருந்தது. நியூயார்க் மருத்துவர் ஆல்வன் பராக், பிராணவாயு கொடுத்து நடக்கவைத்த நோயாளிகள் பின்னர் அது இல்லாமலே கூடுதலாக நடந்ததை 1952இல் எழுதினார். மறு ஆண்டு லண்டனில் ஜெரி மோரிஸ், உட்கார்ந்தே ஓட்டும் பஸ் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டினார். டிக்கெட் கிழிக்கும் வேலைக்கு இப்படியும் ஒரு பெருமை!

இரண்டுக்கும் என்ன தொடர்பு? நடக்கும்போது இரத்தம் விரைந்தோடுகிறது. அந்த உரசலில் இரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயை விரியச் செய்கிறது. உட்கார்ந்தே இருந்தால் இது குறைகிறது. பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை ஆகியவற்றால் நுரையீரல் கெட்டவர்களின் தமனிகள், அதே வயதுள்ள மற்றவர்களுடையதைவிட விறைப்பாக இருப்பது பின்னாளில் தெரியவந்தது. இவர்களில் பலரின் உயிரைப் பறிப்பது இருதய நோய்தான். பயிற்சியால் அந்த விறைப்பு எவ்வளவு தளரும் என்பதில் ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. ஆனால் கால்தசை வலுக்கிறது, இரைப்பு குறைகிறது, இதில் ஐயமில்லை.

1982இல் ஆறு நிமிட நடைச் சோதனை வந்தது. சமதரையில் அத்தனை நேரத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதே கணக்கு. நம் பெரியவர்கள் நடக்கவும் தஞ்சோங் கிளிங் கடலோரம் போன்ற சமதரையே ஏற்றது. மேடேறும் தோட்டப் பாதை வேண்டாம். முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பேச முடிகிற அளவு இரைத்தால் நடக்கலாம்; நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நின்றுவிட வேண்டும்.