பழகிப்போன புழு

சிவகிரியில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. மேற்கே மலை, கிழக்கே கரிசல். ஆனால் அந்த மலையடிவாரத்து ஓடைகள் வைப்பாற்று வடிநிலத்தைச் சேர்ந்தவை. மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் வைப்பாறு தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாவில் போய்ச் சேர்கிறது. ஆற்றோடு மண் போகும். மண்ணோடு நாம் தூக்கிப் போட்டதும் போகும். முகத்துவாரச் சேற்றில் அதை முதலில் வாயில் வாங்குவது யார்? புழு.

பிளஸ் ஒன் விலங்கியலில் படித்த நீரிஸ் ஞாபகம் இருக்கிறதா? அந்த வகைதான். சேற்றைத் தின்னும், வளை தோண்டும். அந்த வளை வழியாகத்தான் சேற்றுக்குள் ஆக்சிஜன் இறங்குகிறது. இறாலும் மீனும் உள்ளான் குருவியும் அதைத் தின்று வாழ்கின்றன. மண்புழுவைப் பற்றி டார்வின் 1881இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். நச்சுக்குச் சாட்சியாகக் கடற்புழுவைக் கூண்டில் ஏற்றிய முக்கியமான ஆய்வு வர இன்னும் 90 வருஷம் ஆனது.

அது நடந்தது இங்கிலாந்தின் கார்ன்வாலில். அங்கே செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களின் கழிவு கார்னன் ஆறு வழியாக ரெஸ்ட்ராங்கெட் கழிமுகத்தில் தலைமுறை தலைமுறையாகப் படிந்திருந்தது. ஒரு கிலோ சேற்றில் கிராம் கணக்கில் செம்பு. அதற்குள்ளும் நீரிஸ் உயிரோடுதான் இருந்தது. 1971இல் பிரையன், ஹம்மர்ஸ்டோன் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது: வேறு கழிமுகத்துப் புழுவைக் கொல்லும் அளவு செம்பு இந்தப் புழுவைக் கொல்வதில்லை. பழகிப்போச்சு. ஆனால் செம்பு எங்கும் காணாமல் போகவில்லை. புழுவின் உடம்பில் சேர்ந்திருந்தது. புழுவைத் தின்கிற மீனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அடுத்த வருஷமே, 1972இல், சர்காசோ கடலின் மேற்பரப்பில் பிளாஸ்டிக் துணுக்குகள் மிதப்பதை கார்பென்டர், ஸ்மித் இருவரும் பதிவு செய்தார்கள். மைக்ரோபிளாஸ்டிக் என்ற சொல் பரவலானது 2004இல், ரிச்சர்ட் தாம்ப்சன் குழுவின் கட்டுரையோடு. ஆய்வகத்தில் மணற்புழுக்களுக்கு அந்தத் துகள்களைக் கொடுத்துப் பார்த்தபோது சில நாட்களுக்குள் அவை விழுங்கியிருந்தன. 2013இல் வந்த இன்னொரு ஆய்வு, பிவிசி துகள் கலந்த மணலில் வாழ்ந்த புழுவின் ஆற்றல் சேமிப்பு 50 விழுக்காடு வரை குறைந்ததைக் காட்டியது. வயிறு நிறைகிறது, உடம்பில் ஒட்டவில்லை.

சரி, உலோகமும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகச் சேர்ந்தால்? புது பிளாஸ்டிக் வழவழப்பானது. வெயிலும் உப்பும் பட்டுப் பழசானதும் மேற்பரப்பு சிதைந்து மின்னேற்றம் பெறுகிறது. மேலே நுண்ணுயிர்ப் படலம் படர்கிறது. ஈயம், செம்பு, காட்மியம் எல்லாம் அதில் ஒட்டும். 2010இல் இங்கிலாந்துக் கடற்கரைகளில் பொறுக்கிய பிளாஸ்டிக் குருணைகளில் உலோகங்கள் ஒட்டியிருப்பதை ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். துகள் புழுவின் குடலுக்குள் போனதும் ஒட்டியது கொஞ்சம் கழன்றுவிடலாம். இது ஒன்றும் ஒன்றும் இரண்டு என்ற கணக்கும் இல்லை. சில சமயம் துகள் உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பாதிப்பு குறைகிறது; சில சமயம் கூடுகிறது. துகளின் வயசு, நீரின் உப்பு, புழுவின் இனம் என எல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன.

இப்போது நம் கடலுக்கு வருவோம். தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979இல் ஓடத் தொடங்கியது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், பாதரசம் உண்டு. அந்தச் சாம்பல் காரப்பாடு விரிகுடாவில் படிந்தது. செம்பு என்ற சொல்லையோ, 13 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட 2018 மே மாதத்துக்குப் பிறகு தூத்துக்குடியில் யாரும் வெறும் உலோகத்தின் பெயராகக் கேட்பதில்லை. 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியது. அதில் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை இருந்தது. 2025 மே 25இல் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியது. அதன் குருணைகள் கன்னியாகுமரியில் ஒதுங்கின, தனுஷ்கோடி வரைக்கும் வந்தன. கரையில் கிடந்ததை ஆட்கள் அள்ளினார்கள், சலித்தார்கள். சேற்றுக்குள் போனதைச் சலிக்க ஆள் கிடையாது. புழுதான் அந்தச் சல்லடை.

விதிகள் ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனி வரம்பு வைத்திருக்கின்றன. ஈயம் இவ்வளவு, காட்மியம் இவ்வளவு. புழு தனித்தனியாகத் தின்பதில்லை. நாளைக்கு யாராவது வந்து, 'பாருங்க, சேத்துல புழு நெளியுது, கடல் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லக்கூடும். அதற்கு ரெஸ்ட்ராங்கெட் எப்போதோ பதில் சொல்லிவிட்டது: உயிரோடு இருப்பது நலமாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது.

அப்படியானால் எது சாட்சி? 2004 கட்டுரையில் அதற்கும் விடை இருக்கிறது. கடலில் நுண்துகள்கள் பெருகியதை அந்தக் குழு நிரூபித்தது 1960களிலிருந்து சேமித்த மிதவையுயிரி மாதிரிகளை வைத்து. கப்பலின் பின்னால் கருவியைக் கட்டி இழுத்து, பட்டுத் துணியில் பிடித்தவை அவை. பிடித்தவர்கள் தேடியது பிளாஸ்டிக்கை இல்லை. ஆனாலும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். வைப்பாற்று முகத்துவாரத்தின் இன்றைய சேற்றையும் புழுவையும் இடமும் தேதியும் எழுதி ஒரு ஜாடியில் எடுத்துவைத்தால், 40 வருஷம் கழித்து யாரும் 'முன்னாடியிருந்தே இப்படித்தான்' என்று சொல்லிவிட முடியாது.