மஜ்னூனின் பொறுப்பாளர் யார்?

இஸ்லாமிய நாகரிகத்தின் மருத்துவச் சிறப்பைப் பேசுவோர் பீமாரிஸ்தான்களைத் தவறாமல் குறிப்பிடுவர். சுல்தான் கலாவூன் கெய்ரோவில் 1284இல் நிறுவிய மருத்துவமனையும், அலெப்போவில் 1354இல் எழுந்த அர்கூன் பீமாரிஸ்தானும் மனநோயாளருக்கு இடமளித்தது உண்மையே. ஆயினும் 1184இல் டமாஸ்கஸ் சென்ற இப்னு ஜுபைர், அங்கே சிகிச்சை பெற்ற மஜ்னூன்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததையும் எழுதி வைத்துள்ளார். அதை நாம் எடுத்துக்காட்டுவதில்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தவர்கள் 28 பேர்.

பீமாரிஸ்தான்கள் பெருநகரங்களுக்கே வாய்த்தவை. ஏனைய ஊர்களில் மனநோயாளரைச் சுமந்தது குடும்பம்தான். அக்குடும்பத்தின் கடமைகளை அறிய ஃபிக்ஹு நூல்களையே புரட்ட வேண்டும்.

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ ஷாஃபிஈ மாணவர் அனைவரும் அறிந்த கித்தாபு. பருவமடைந்து, அறிவுத் தெளிவோடு வாழ்ந்த ஒருவனுக்குப் பின்னர் பைத்தியம் பிடித்தால் அவனுடைய வலீ யார்? சிறு பிராயத்தில் யார் வலீயாக இருந்தாரோ அவரே என்கிறது அந்நூல். காழியே பொறுப்பாளர் என்னும் மற்றொரு கூற்றை அது வலுக்குறைந்ததாகவே சுட்டுகிறது. தாடி நரைத்த மகனுக்கும் முதிய தந்தை மீண்டும் வலீ ஆகிறார்! தந்தை இல்லையேல் பாட்டனார், பின்னர் வஸிய்யத்துப் பெற்றவர், அதன் பின்னரே காழி. மகன் ஏழையாயின் அவனுக்கு நஃபகா அளிப்பதும் தந்தைக்குக் கடமை. தந்தை மஜ்னூனாகி வறுமையுற்றால் அக்கடமை மகனுக்கு.

தாயின் நிலை வேறு. மிகச் சரியான கூற்றின்படி அவளுக்குச் சொத்தின் மீது விலாயத் இல்லை. இமாம் அல்இஸ்தக்ரீ மட்டும் தந்தைக்கும் பாட்டனாருக்கும் அடுத்து அவளை வைத்தார். ஆனால் ஹளானா என்னும் பராமரிப்பில் முதலுரிமை தாய்க்கே. தன் காரியங்களைத் தானே கவனிக்க இயலாதவரைக் காப்பதே ஹளானா என்பதால், வயது வந்த மஜ்னூனும் அதில் அடங்குவார் என உரையாசிரியர்கள் விளக்கினர். ஆக, ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் இரவில் விழித்திருப்பதும் தாயிடம். பணப்பேழையின் சாவி வேறொருவரிடம். அவ்விருவரும் முரண்பட்ட வீட்டில் நோயாளி பட்ட பாட்டை நூல்கள் சொல்வதில்லை. நான் ஓதிய காலத்தில் இப்பாடத்தை ஒரே அமர்வில் கடந்துவிட்டோம்.

சாவியை வைத்திருப்பவருக்கும் வரம்புண்டு. ஸூரத்துந் நிஸாவின் 5ஆம் வசனம் அறிவுக்குறையுடையோரிடம் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாமெனத் தடுக்கும்போதே, உணவும் உடையும் அளித்து அவர்களிடம் நல்ல சொல் பேசவும் பணிக்கிறது. அதில் ‘மின்ஹா’ என்னாது ‘ஃபீஹா’ என வந்திருப்பதை ஸமக்ஷரீ கவனித்தார். அவர் முஃதஸிலீ என்றாலும் மொழி நுட்பத்தில் அவருக்கு நிகரானோர் அரிது. முதலைத் தின்று தீர்க்காமல், அதை வணிகத்தில் பெருக்கி வரும் லாபத்தில் அவர்களைப் போஷிக்க வேண்டுமென்பது அவர் விளக்கம்.

இப்பொறுப்பு என்றைக்குமானதன்று. ஊதாரியின் மீது காழி விதித்த தடையை நீக்கக் காழியின் தீர்ப்பு வேண்டும். மஜ்னூனுக்கோ இஃபாகத் எனும் தெளிவு வந்த கணமே தடை தானாக நீங்கிவிடுகிறது. அவன் விற்றதும் வாங்கியதும் செல்லும்.