வாய் நாற்றத்துக்கும் ஒரு வரலாறு உண்டு



இன்று கொஞ்சம் கூச்சப்பட வைக்கும் விஷயம். காய்ச்சல் வந்தால் தெருவுக்கே சொல்கிறோம். வாய் நாற்றத்தை மட்டும் கட்டிய மனைவியும் சொல்வதில்லை, பெற்ற பிள்ளையும் சொல்வதில்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான். வரலாற்றைப் புரட்டினால் இந்தக் கூச்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

பதினெண்கீழ்க்கணக்கு படித்தது நினைவிருக்கிறதா? அதில் ஒன்று பெருவாயின் முள்ளியார் எழுதிய ஆசாரக்கோவை. விடிந்ததும் குச்சியை மென்று பல் துலக்கி, முகம் கழுவி, அதன் பிறகு தெய்வத்தைத் தொழ வேண்டும் என்கிறது அது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் நம் பழமொழியிலேயே ஏறிவிட்டன. சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் ஆயுர்வேத நூல்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நாக்கையும் வழிக்கச் சொல்கின்றன. அதற்குப் பொன்னிலும் வெள்ளியிலும் கருவி செய்துகொள்ளலாம் என்றும் எழுதி வைத்திருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

வாய் மணக்க நம்மவர்கள் கண்ட வழி தாம்பூலம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இங்குள்ளவர்கள் எந்நேரமும் வெற்றிலை மெல்வதையும், வசதியுள்ளவர்கள் கற்பூரமும் வாசனைப் பொருள்களும் சுண்ணாம்பும் சேர்த்துக்கொள்வதையும் குறித்திருக்கிறார். 1443இல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கும் வெற்றிலையை வாயாரப் புகழ்ந்திருக்கிறார். நம் காவிரிக் கரையிலேயே பரமத்தி வேலூர், பொத்தனூர், பாண்டமங்கலம் பக்கம் ராஜா வாய்க்கால் பாசனத்தில் கொடிக்கால்கள் இன்றும் இருக்கின்றன.

ஆனால் ஒன்று. கிராம்பும் ஏலமும் நாற்றத்தை மூடி வைக்கும், நீக்காது. பிற்பாடு வெற்றிலையோடு புகையிலையும் சேர்ந்துகொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. மணத்துக்காகப் பாக்கு போடும் பெரியவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

ஏழை வீடுகளில் உமிக்கரியும் உப்பும், சில வீடுகளில் சாம்பலும் செங்கல் பொடியும்தான். செங்கல் பொடி பல்லின் மேல்பூச்சையே தேய்த்துவிடும். பிறகு பொட்டலப் பல்பொடி வந்தது. 1913இல் பி.வி. பண்டிட் நஞ்சன்கூட்டில் சத்வைத்யசாலையைத் தொடங்கினார். அங்கே செய்த நஞ்சன்கூடு பல்பொடி பேர் பெற்றது. அந்த ஊர் கபினிக் கரையில் இருக்கிறது. கபினி காவிரியில் கலந்து நம் மேட்டூர் அணைக்குத்தான் வருகிறது!

மேல்நாட்டில் 1683இல் லேவன்ஹுக் தம் பல்லிடுக்கு அழுக்கை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, அதில் நெளியும் சிற்றுயிர்களைக் கண்டார். 1879இல் லிஸ்டரின் வந்தது. முதலில் அது கிருமிநாசினி. 1920களில் அந்த நிறுவனம் 'ஹாலிடோசிஸ்' என்ற யாரும் அறியாத மருத்துவச் சொல்லை விளம்பரத்தில் போட்டு, வாய் நாற்றத்தால் கல்யாணமே நின்றுபோகும் என்று பயமுறுத்தி விற்றது. இந்தக் கூச்சத்தில் ஒரு பங்கு விளம்பரம் வளர்த்தது.

1960களிலிருந்து கனடாவின் வான்கூவரில் ஜோசப் டொன்செடிச் என்ற ஆய்வாளர் காரணத்தைத் தெளிவாக்கினார். வாயில் தங்கும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து கந்தக வாயுக்களை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அவை அதிகம் குடியிருப்பது நாக்கின் பின்பகுதியில். நாக்கு வழிக்கச் சொன்ன நம் முன்னோர் இடத்தைச் சரியாகத்தான் காட்டியிருக்கிறார்கள்.

இந்த பாக்டீரியாக்களை அடக்கி வைப்பது உமிழ்நீர். உமிழ்நீர் அதிகம் சுரப்பது மெல்லும்போது. அப்படியானால் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளையின் வாய் நாறாமல் என்ன செய்யும்? வகுப்பில் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 'பல் விளக்காதவன்' என்று பேர் வைத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் பல் விளக்கியவர்கள்தான். பசியோடு வந்தவர்கள். 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவையும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவையும், 2022 செப்டம்பரில் வந்த காலை உணவுத் திட்டத்தையும் நான் வாய் நாற்றத்தின் வரலாற்றிலும் சேர்ப்பேன். வயிறு நிறைந்த பிள்ளையை யாரும் தள்ளி உட்காரச் சொல்வதில்லை.

நாம் செய்ய வேண்டியது: இரண்டு வேளை பல் துலக்குங்கள். நாக்கை மெதுவாக, பின்பக்கமும் வழியுங்கள். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். பல் செட் வைத்திருப்பவர்கள் இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வையுங்கள். சில மாத்திரைகள் வாயை உலர்த்தும், கசப்பாக்கும். மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஈறில் ரத்தம் வந்தால் பல் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழ வாசனை அடித்து, வாந்தியும் மூச்சுவாங்கலும் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நாள் போகப் போக ஆறாத புண், வெள்ளைத் திட்டு வாயில் இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

வீட்டில் யாருக்காவது நாற்றம் இருந்தால் தனியாகக் கூப்பிட்டு அன்பாகச் சொல்லுங்கள். ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: "பல் விளக்கினாயா?" என்று கேட்கும் முன், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.

அனைவரும் நலமுடன் வாழ்க.