இரண்டு சீட்டுகள்

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே சுமார் 190 கிலோமீட்டர் தொலைவில், வட கடலில் நின்றிருந்தது பைபர் ஆல்ஃபா என்னும் எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6 இரவு அது தீப்பற்றி எரிந்ததில் 167 பேர் மாண்டனர். அந்தத் தீயைப் பற்றியும் கடலில் குதித்துத் தப்பியவர்களைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. நான் சொல்ல விரும்புவது இரண்டு காகிதச் சீட்டுகளின் கதையை.

இத்தகைய இடங்களில் பழுதுபார்க்கும் வேலை எதையும் பணி அனுமதிச் சீட்டு இல்லாமல் தொடங்கக்கூடாது. எந்த இயந்திரம், என்ன வேலை, யார் பொறுப்பு என்பதை எழுதி உரியவர்கள் ஒப்பமிட வேண்டும். அன்று 'ஏ' பம்பின் பெயரில் இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று பம்பின் பராமரிப்புக்கானது; அவ்வேலை தொடங்கப்படவே இல்லை. மற்றது, அதன் காப்பு வால்வைக் கழற்றிச் சோதிப்பதற்கானது. வால்வு கழற்றப்பட்டது, மாலைக்குள் திரும்பப் பொருத்த முடியவில்லை. குழாயின் வாயை ஓர் இரும்புத் தகட்டால் மூடிவிட்டுச் சென்றனர்.

இரவு 9.45 அளவில் 'பி' பம்ப் நின்றுபோனது. அதை மீண்டும் ஓட்ட முடியாததால், பணியிலிருந்தோர் 'ஏ' பம்பை நாடினர். பராமரிப்புச் சீட்டு அவர்களுக்குத் தெரியும். வேலை தொடங்காததால் பம்பை ஓட்டலாம் என்று கருதினர். வால்வுச் சீட்டைப் பற்றி அவர்கள் அறியவில்லை. இடைநிறுத்தப்பட்ட சீட்டுகள் வேறோர் அலுவலகத்தில் வைக்கப்பட்டன; ஒன்றைப் பார்த்தால் மற்றொன்று நினைவுக்கு வரும்படி எந்தக் குறிப்பும் இல்லை. வால்வு இருந்த இடமோ பம்பின் அருகில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாதது. பத்து மணிக்கு முதல் வெடிப்பு நிகழ்ந்தது.

விசாரணை நடத்திய கல்லன் பிரபு 1990இல் அறிக்கை அளித்தார். அந்தத் தகட்டின் வழியே கசிந்த வாயுவே காரணமாக இருக்கக்கூடும் என்பது அவர் முடிவு. சீட்டு முறை காகிதத்தில் ஒன்றாகவும் நடைமுறையில் வேறாகவும் இருந்தது. வேலை முடித்தவர் பொறுப்பாளரிடம் நேரில் பேசாமல் சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போவதும், பொறுப்பாளர் இடத்தைப் பார்க்காமலே ஒப்பமிடுவதும் வழக்கமாகியிருந்தன. இத்தனைக்கும் 1987 செப்டம்பரில் அதே மேடையில் ஒரு தொழிலாளி இறந்திருந்தார். சீட்டு முறையிலும் பணி ஒப்படைப்பிலும் இருந்த குறைகள் அப்போதே வெளிப்பட்டன. அவ்வழக்கில் நிறுவனம் 1988 மார்ச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நான்கு மாதங்கள் கழித்துத்தான் இந்தத் தீ.

கல்லனின் 106 பரிந்துரைகளில் முதன்மையானது ஆவணம் பற்றியது. அரசு விதித்த விதிகளைப் பின்பற்றினோம் என்று சொன்னால் போதாது. தன் மேடையில் என்னென்ன அபாயங்கள் உள்ளன, அவற்றை எவ்வாறு கட்டுப்படுத்துகிறோம் என்பதை நிறுவனமே வாதிட்டு எழுதி ஒப்புதல் பெற வேண்டும். 1992இல் பிரிட்டனில் இது சட்டமாயிற்று.

வரலாறு அங்கே முடிந்திருந்தால் நலமாக இருந்திருக்கும். 2006 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானில் நிம்ராட் என்னும் பிரிட்டிஷ் ராணுவ விமானம் வானில் தீப்பற்றி விழுந்து 14 பேர் இறந்தனர். அந்த விமானத்துக்கும் இதே வகைப் பாதுகாப்பு ஆவணம் இருந்தது. ஹேடன்-கேவ் 2009இல் அளித்த அறிக்கை அதைப் பிரித்துக் காட்டியது. முப்பது ஆண்டுகள் பறந்த விமானம், எனவே பாதுகாப்பானது என்ற முன்முடிவோடு அது எழுதப்பட்டிருந்தது. 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட அபாயங்கள் தீர்க்கப்படாமலே விடப்பட்டிருந்தன. தீப்பிடித்த பகுதியின் அபாயமோ நிகழ வாய்ப்பற்றது என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. பைபர் ஆல்ஃபாவின் சாம்பலிலிருந்து பிறந்த ஆவண வடிவம், பதினைந்து ஆண்டுகளுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டிய கட்டுக் காகிதமாகிவிட்டது. சுருக்கமாக, படிப்பவருக்குப் புரியும்படி எழுதுங்கள் என்று அவர் பரிந்துரைக்க வேண்டியதாயிற்று.

பொறியியல் ஆவணங்களை நீதிமன்றத்தை மனதில் வைத்து எழுதும் பழக்கம் இன்று எங்கும் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் நீதிபதி அதைப் படிக்கும் நாளில் எல்லாம் முடிந்திருக்கும். அதற்கு முன்பே அதைப் படித்தாக வேண்டியவர், நின்றுபோன பம்பின் முன்னால் நிற்கும் இரவுப் பணியாளர். வால்வு இல்லை என்ற ஒரு வரி அன்று அவர் கைக்குக் கிடைக்கவில்லை.